இயர்பேட் மாற்றிய பிறகு பேஸ் மெலிந்து, ‘ச’ ஒலி குத்துகிறதா?

கேள்வி: காதை முழுவதும் மூடும், பின்புறம் அடைத்த வகைக் கம்பி ஹெட்ஃபோன் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். செயற்கைத் தோல் இயர்பேட் உரிந்துபோனதால், வியர்க்காமல் இருக்கட்டும் என்று வெலோர் துணி இயர்பேட் வாங்கிப் பொருத்தினேன். அதன் பிறகு பேஸ் மெலிந்துவிட்டது. பாடகர்களின் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் காதைக் குத்துகின்றன. கைப்பேசி ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸை உச்சிக்கு ஏற்றினேன், 14 கிலோஹெர்ட்ஸை அடியோடு இறக்கினேன். பேஸ் கரகரக்கிறது, குத்தல் குறையவே இல்லை. ஹெட்ஃபோன் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் விவரிக்கும் எல்லா மாற்றங்களையும் இயர்பேட் ஒன்றே உண்டாக்கிவிடும். ஈக்வலைசரில் நீங்கள் செய்த இரண்டு திருத்தங்களும் பயனளிக்காததற்குத் தனித்தனிக் காரணங்கள் உள்ளன.

முதலில் பேஸ். ஹெட்ஃபோனில் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவருக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்டிருக்கும் சிறிதளவு காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதைத்தான் ஹெட்ஃபோனில் நாம் பேஸாகக் கேட்கிறோம். செயற்கைத் தோல் அந்தக் காற்றை வெளியே விடுவதில்லை. வெலோர் துணியின் இழைகளுக்கிடையே காற்று கசியும்; அலைவு எவ்வளவு மெதுவானதோ அவ்வளவுக்கு அழுத்தம் நிலைகொள்ளும் முன்பே காற்று வெளியேறிவிடும் என்பதால், இழப்பு தாழ்ந்த அதிர்வெண்களில்தான் மிகுதி. வெலோர் என்றாலே பேஸ் போய்விடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பேயர்டைனமிக் டிடி 770 புரோவின் 80 ஓம் வடிவம் பின்புறம் அடைத்ததுதான், வெலோர் இயர்பேடுடனேயே விற்பனைக்கு வருகிறது; அதன் மற்ற பாகங்கள் அந்த இயர்பேடுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. உங்களுடையது தோல் இயர்பேடுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது.

கசிவைச் சோதிப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் தொனியைக் குறைந்த ஒலியளவில் ஒலிக்கவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மிக மெதுவாக அழுத்துங்கள். தொனி சட்டென்று தடித்தால் காற்று கசிகிறது. ஒரு பக்கம் மட்டும் தடித்தால் அந்தப் பக்க இயர்பேடின் விளிம்பு கிண்ணத்தின் பள்ளத்தில் ஏதோ ஓரிடத்தில் உட்காரவில்லை என்று கொள்ளலாம். கழற்றி, விரல் நுனியால் சுற்றிலும் தள்ளிவிட்டு மறுபடி பொருத்துங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் அதைக் கழற்றியும் ஒருமுறை கேளுங்கள். காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் சிறு இடைவெளியே பேஸைக் கணிசமாகத் தின்றுவிடும்.

இனி கரகரப்பு. இன்றைய பாடல் பதிவுகளில் பெரும்பாலானவை டிஜிட்டல் உச்ச வரம்பை ஒட்டியே தயாரிக்கப்படுகின்றன. அதன்மேல் 60 ஹெர்ட்ஸை 12 டெசிபல் ஏற்றினால் சமிக்ஞை வரம்பைத் தாண்டி, அலையின் முகடு வெட்டுப்படுகிறது. இதையே கிளிப்பிங் என்கிறோம். எந்தப் பட்டையை எவ்வளவு ஏற்றினாலும் அதே அளவுக்கு ப்ரீஆம்பை, அதாவது ஈக்வலைசரின் ஒட்டுமொத்த ஒலியளவை, இறக்கிவிட வேண்டும் என்பது ஈக்வலைசரின் முதல் விதி. கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் இந்த வசதி கண்ணில் படாத இடத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. கிளிப்பிங்கைத் தவிர்த்தாலும், 12 டெசிபல் என்பது அந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 16 மடங்கு மின்திறன், டிரைவர் சவ்வுக்கு 4 மடங்கு அசைவு. போதாக்குறைக்கு, கசிவின் அளவு ஒவ்வொரு முறை அணியும்போதும் மாறும். ஆகவே கசிவை ஈக்வலைசரால் ஈடுகட்ட முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்று சரியாக அமைந்தது நாளை மிகையாகவோ குறைவாகவோ ஒலிக்கும்.

குத்தலுக்கு வருவோம். ‘ச’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பரவலாகக் காணப்படும் ஐந்து பட்டை ஈக்வலைசரின் மேல் பட்டைகளோ 3.6 கிலோஹெர்ட்ஸிலும் 14 கிலோஹெர்ட்ஸிலும் நிற்கின்றன. நீங்கள் 14-ஐ இறக்கியபோது குத்தும் இடத்தைப் பெரும்பாலும் தொடவேயில்லை. அதோடு, பேஸ் குறைந்தாலே மேல் சுருதிகள் மிகுந்ததுபோல் தோன்றும் என்பதால், குத்தலின் ஒரு பங்கு முதல் சிக்கலின் நிழல்தான்.

மறு பங்குக்கு இயர்பேடின் தடிமன் காரணமாகலாம். காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் சில மில்லிமீட்டர் மாறினாலே ட்ரெபிள் (மேல் அதிர்வெண்) முகடுகள் இடம் மாறும்; அமுங்கித் தட்டையான பழைய இயர்பேடுக்குப் பழகிய காதுக்குப் புதியது அந்நியமாகத்தான் ஒலிக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: பல மாதிரிகளில் டிரைவருக்கு முன்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டு ஒன்று இருக்கும். பழைய இயர்பேடை எடுக்கும்போது அதுவும் கூடவே வந்து குப்பைக்குப் போய்விடுவதுண்டு. அழுக்குத் துண்டுபோல் தோன்றினாலும் அது ட்ரெபிளைத் தணிக்கவே வைக்கப்பட்டது. இருந்தால் திரும்ப வையுங்கள்.

உங்கள் நிலையில் நான் செய்வது இதுதான். தயாரிப்பாளரே அந்த மாதிரிக்கு விற்கும் செயற்கைத் தோல் இயர்பேடை வாங்குவேன். வியர்வை பொறுக்காது என்றால், பக்கச் சுவர்கள் தோலாகவும் சருமத்தில் படும் பகுதி மட்டும் துணியாகவும் உள்ள கலப்பு வகையைத் தேடுவேன். உள்விட்டமும் உயரமும் பழையதை ஒத்திருக்க வேண்டும். ஈக்வலைசரை முற்றிலும் அணைத்துவிட்டுச் சில நாட்கள் அப்படியே கேட்பேன். அதன் பிறகும் குறை தெரிந்தால் மட்டுமே திருத்தத்தில் இறங்குவேன்.

அந்தத் திருத்தத்துக்குப் பாராமெட்ரிக் ஈக்வலைசர் தேவை. அதில் அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் நீங்களே குறிக்கலாம். அகலத்தைக் குறிக்கும் எண் ‘கியூ’, அது கூடக் கூடப் பட்டை குறுகும். விண்டோஸில் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ இலவசமாகக் கிடைக்கிறது. தொனி உருவாக்கும் செயலி ஒன்றில் மிகக் குறைந்த ஒலியளவில் 5-லிருந்து 9 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்தி, எங்கே திடீரென்று உரக்கக் கேட்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கியூ 3 அல்லது 4 வைத்து, 3 டெசிபல் இறக்கித் தொடங்குங்கள். போதாவிட்டால் 5 வரை போகலாம். பேஸுக்கு 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள அதிர்வெண்களை ஒட்டுமொத்தமாக ஏற்றும் வகை), கியூ 0.7, ஏற்றம் 3 அல்லது 4 டெசிபல், ப்ரீஆம்ப் அதே அளவு கீழே. இவ்வளவு போதும். பத்துப் பதினைந்து பட்டைகளைத் திருத்தத் தொடங்குபவர்கள் எதைக் கேட்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

‘ஆட்டோஈக்யூ’ போன்ற தொகுப்புகளில் உங்கள் மாதிரிக்கான திருத்த எண்கள் கிடைக்கக்கூடும். அவை செயற்கைக் காதில் அளந்து எடுக்கப்பட்டவை; பெரும்பாலும் அசல் இயர்பேடுடன் அளக்கப்பட்டவை. வெலோரை வைத்துக்கொண்டு அவற்றை இட்டால் வேறொரு ஹெட்ஃபோனின் மருந்தைச் சாப்பிட்டதுபோல் ஆகும். அசல் இயர்பேடே இருந்தாலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எண்களை நம்ப வேண்டாம், அந்தப் பகுதி அவரவர் காதின் வடிவைப் பொறுத்து மாறுபடும்.

திருத்தத்தை இயக்கியும் அணைத்தும் ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் உரக்க ஒலிப்பதைக்கூட மனம் ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். ப்ரீஆம்பை இறக்கியதால் உங்கள் நல்ல திருத்தமே தோற்றதுபோல் தோன்றக்கூடும்.

பின்னாளில் இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்ஃபோனுக்கு மாறினால், அதில் துணி இயர்பேடைப் பரிசோதிக்கவே வேண்டாம். கிண்ணத்துக்குள் இருக்கும் மைக்குகள் குறிப்பிட்ட அளவு அடைப்பை எதிர்பார்த்தே இரைச்சலைக் கணக்கிடுகின்றன. கசிவு கூடினால் பேஸோடு சேர்ந்து இரைச்சல் நீக்கமும் கெட்டுவிடும்.