மகள் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்குப் போகலாமா?

தமிழ்நாடு-கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே ஆசிரியராகவும் பிறகு தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், இரண்டு மாநிலத்துப் பெற்றோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். பள்ளி சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள். நீட் கோச்சிங் எங்கே நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா: ஐயா, அமெரிக்காவில் ஒரு அம்மா மகள் மாதிரி வேஷம் போட்டு ஹைஸ்கூலில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராமே, நிஜமா? எனக்கும் ஒருநாள் அப்படிப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நிஜம்தான். ஆனால் அது ஹைஸ்கூல் இல்லை, நடுநிலைப் பள்ளி. 2021 ஜூன் மாதம், டெக்சாஸில் சான் எலிசாரியோ என்ற ஊரில் நடந்தது. அதுவும் நம்மைப் போல எல்லை ஊர்தான், ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. அம்மாவுக்கு வயது 30, மகளுக்கு 13. தலைக்குச் சாயம், ஹூடி சட்டை, கண்ணாடி, கொரோனா காலம் என்பதால் முகத்தில் மாஸ்க். வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து, கடைசி பீரியடில்தான் ஒரு ஆசிரியரிடம் மாட்டினார். பள்ளியின் பாதுகாப்பு எவ்வளவு ஓட்டை என்று காட்டத்தான் போனேன் என்றார். வீடியோவை யூடியூபிலும் போட்டார். சில நாளில் கைது. அத்துமீறி நுழைந்தது, அரசு ஆவணத்தில் தில்லுமுல்லு என்று வழக்கு. மாஸ்க் மட்டும் இல்லாவிட்டால் முதல் பீரியடே தாண்டியிருக்க மாட்டார் என்பது என் கணக்கு.

உங்கள் ஆசைக்குப் பதில்: வேண்டாம் அம்மிணி. நீங்கள் கேட் வழியாகவே வரலாம். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 21 என்ன சொல்கிறது? அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி எல்லாவற்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, சத்துணவு, வராத ஆசிரியர் என்று எதையும் அங்கே கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீயும் உளுந்துவடையும் சொல்லி வைத்தும் ஏழு பேர் வருவார்கள், அதில் இருவர் வடைக்கு. வேஷம் கட்ட இருக்கிற ஆர்வத்தில் கால்வாசி கூட்டத்துக்கு இருந்தால் போதும்.

இன்னொன்று, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: பள்ளிக்குள் வீடியோ எடுக்காதீர்கள். அதில் விழுவது உங்கள் பிள்ளை முகம் மட்டும் இல்லை.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர்: மாட்டினால் என்ன ஆகும் சார்?

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் மேலோட்டமாகச் சொல்கிறேன். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்ற நோக்கத்தோடு அத்துமீறி நுழைவது 329-வது பிரிவு. மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு தரவோ நுழைந்தாலும் அதில் வரும். 'சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்று நீங்கள் சொல்வீர்கள். அதை இன்ஸ்பெக்டர் நம்ப வேண்டுமே. தேர்வு நாளில் ஆள் மாறி உட்கார்ந்தால் கதையே வேறு. 2019-ல் நீட் ஆள்மாறாட்ட வழக்கு வெளியே வந்ததே, நம் எல்லை மாவட்டமான தேனியின் மருத்துவக் கல்லூரியில்? மாணவனோடு டாக்டரான அப்பாவும் கைதானார். பாசம்தான் காரணம் என்று யாரும் விட்டுவிடவில்லை.

ஆனைமலையிலிருந்து ஒரு தம்பி: உங்கள் சர்வீஸில் இப்படி யாராவது வேஷம் போட்டு வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள், ஆனால் தலைகீழாக. பெற்றோர் மாணவனாக வரவில்லை, மாணவன்தான் ஆளைப் பிடித்து 'அப்பா' என்று கூட்டி வந்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பையன். சுவர் ஏறிக் குதித்ததற்கு அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். மறுநாள் வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்து கைகட்டி நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்பனாக நடிக்க அடிப்பதுதான் சுருக்கு வழி என்று நினைத்தார் போல. கையெழுத்துப் போட நோட்டை நீட்டினேன். பேனாவை வாங்கியவர் பையன் பக்கம் மெல்லக் குனிந்து, "உன் இனிஷியல் என்ன சாமி?" என்றார். உள்ளங்கை முழுக்க மட்டை உரித்த காய்ப்பு, நகக்கண்ணில் தேங்காய் நார். பக்கத்துக் களத்தில் தேங்காய் உரிக்கிறவர். கூலி ஐம்பது ரூபாய், ஒரு டீ. உட்கார வைத்துப் பேசினேன். நிஜ அப்பா லாரியோடு ஆந்திரா போய் மாசம் ஒன்றாகிறது, அம்மா மில்லில் நைட் ஷிஃப்ட் என்று அவர்தான் சொன்னார். அதுவரை அது எனக்குத் தெரியாது. அப்புறம் அந்த வருடம் முழுக்க அவனுக்கு அவரையே கையெழுத்துப் போட வைத்தேன். விதிப்படி தப்பு.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு அம்மா: மகள் எட்டாம் வகுப்பு. இரண்டு மாதமாக டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் 'பசிக்கலை' என்கிறாள். யாரோ கிண்டல் செய்கிறார்களோ என்று பயம். ஒருநாள் மறைந்திருந்து பார்க்கலாமா என்று நானும் யோசித்தேன் ஐயா.

இதற்குத்தான் இன்று உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிபன் பாக்ஸைப் பார்த்தீர்கள், தண்ணீர் பாட்டிலைப் பார்த்தீர்களா? நாளைக் காலை நிரப்பிக் கொடுங்கள். சாயந்திரம் அவள் பையை வைத்ததும் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். அதே கனம் இருந்தால், அவள் பயப்படுவது பெரும்பாலும் கழிப்பறைக்குத்தான். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, அல்லது பூட்டி சாவியை ஸ்டாஃப் ரூமில் வைத்திருப்பார்கள். பெண் பிள்ளைகள் அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காது, டிபனும் அப்படியே வரும். எட்டாம் வகுப்பு என்கிறீர்கள், மாதவிடாய் நாட்களும் சேர்ந்துகொள்ளும். இது எனக்கே வெகுநாள் புரியவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர்தான் வந்து, "சார், ஏழாவது பீரியடில் பெண்கள் முகத்தைப் பாருங்கள்" என்றார். நான் அதுவரை கரும்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோம், நானூறு ரூபாய்கூட ஆகவில்லை.

பாட்டில் காலியாக வந்து சோறு மட்டும் மீந்தால் அது வேறு விஷயம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். 'ஏன் சாப்பிடலை' என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள். 'இன்னைக்குப் பக்கத்தில் யாரு?' என்று கேட்டால் தானாகப் பேசுவாள். பேர் எதுவும் வரவில்லை, தனியாக என்றால், மறுநாளே வகுப்பாசிரியரைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு ஆளைச் சொன்னாலே முகம் மாறுகிறது, உடம்பில் காயம் இருக்கிறது என்றால் யாரையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 1098-க்கு அடியுங்கள், எந்த மாநிலமானாலும் அதே எண். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் கல்வித் துறை உதவி எண் 14417-ம் உண்டு. எழுதிக் கொடுப்பதற்கு ஒரு நகல் வைத்து, அதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

உடுமலையிலிருந்து ஒருவர்: பையன் பையில் போனை வைத்து வகுப்பை ரெக்கார்ட் செய்தால் என்ன?

மற்ற நாற்பது பிள்ளைகள் பேசுவதும் அதில் பதிவாகும். செய்யாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர்: எங்கள் கேரளத்துப் பள்ளியில் இப்படி ஒரு அம்மா உள்ளே நுழையவே முடியாது மாஷே. கேட்டிலேயே பிடித்திருப்பார்கள். உங்கள் பக்கம்தான் எல்லாம் திறந்த வீடு.

பொள்ளாச்சி அம்மா மறுபடியும்: அண்ணா, உங்கள் பக்கம் ஓணம் லீவு, மழை லீவு, பந்த் போக மிச்சம் எத்தனை நாள் பள்ளி திறந்திருக்கிறது? திறந்தால்தானே நுழைய! இங்கே வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை போடுகிறார்கள், தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை: எங்களுக்குப் பால் உண்டு. முட்டையை எண்ணுவது படிப்பா?

வேலந்தாவளம்: எல்லாம் சரி, மலையாளத்தில் எழுதவே தெரியாமல் தவிக்கும் தமிழ்ப் பிள்ளையைக் கேளுங்கள்.

வந்துவிட்டீர்களா, நல்லது. இந்தச் சண்டையை டீக்கடையில் முப்பது வருடமாகக் கேட்கிறேன், ஒருவரும் ஜெயித்ததில்லை. ஒருநாள் சாயந்திரத்தை விழுங்க இது ஒன்று போதும்.

முட்டையும் பாலும் இரண்டும் நல்லதுதான். மொழி விஷயத்தில் மட்டும் நான் வாய் திறக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். கேரளத்தில் 2017 சட்டப்படி மலையாளம் கட்டாயப் பாடம். ஆறாவது வரை அந்தப் பக்கம், ஏழாவதில் இந்தப் பக்கம், ஒன்பதில் மறுபடி அந்தப் பக்கம் என்று பிள்ளையைப் பந்து மாதிரி உதைக்கிற வீடுகளைத்தான் எனக்குப் பிடிக்காது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை முடிவு செய்து பத்தாவது வரை அங்கேயே விடுங்கள்.

திறந்த வீடா பூட்டிய வீடா என்பதற்கு: எங்கள் பள்ளியில் ஒரு அம்மா யூனிபார்மில் வந்தால் கேட்டில் மாட்டமாட்டார், சாப்பாட்டு வரிசையில் மாட்டுவார். தட்டை இரண்டு கையாலும் பிடித்து, முன்னால் நிற்கும் பிள்ளையை 'தள்ளிப் போ கண்ணு' என்று ஒழுங்குபடுத்துவார். அந்த வயதுப் பெண்ணுக்கு அது வரவே வராது.

கொழிஞ்சாம்பாறை: எங்கள் பக்கம் பால் வாரம் இரண்டு நாள்...

போதும் மாஷே.

ஒருவர், ஊர் சொல்லவில்லை: சின்ன ரெக்கார்டரை சட்டைப் பையில் வைத்தால்?

மேலே உடுமலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிணத்துக்கடவிலிருந்து ஒரு அம்மா: எனக்கு 38 வயது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். வேவு பார்க்க இல்லை ஐயா, மகளோடு பத்தாம் வகுப்பில் உட்கார்ந்து படிக்கத்தான் ஆசை. சிரிக்க மாட்டீர்களே?

எதற்குச் சிரிக்க வேண்டும்? மகள் வகுப்பில் உட்கார முடியாது, ஆனால் அதே தேர்வை எழுதலாம். எட்டாவது தேர்ச்சி பெற்ற மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலரும் கோட்டை விடுவது அங்கேதான். அறிவிப்பு வந்ததும் தேர்வுத் துறை சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். டி.சி. தொலைந்திருந்தால் படித்த பள்ளியில் இரண்டாம் படி கேளுங்கள், எழுத்து மூலமாக. அந்தப் பக்கம் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-ல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். உங்களுக்கு 38-தான். கணக்குக்கு மகளையே டீச்சராக வைத்துக்கொள்ளுங்கள். அவள் திட்டுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர்: ஐயா, ஸ்மார்ட் வாட்சில் ரெக்கார்ட் செய்தால்...

தோட்டத்துக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன். அதற்குள் உடுமலைக்காரர் பதிலை யாராவது இவருக்குப் படித்துக் காட்டுங்கள்.