இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு அடிப்படைக் கணக்கு உண்மையில் தெரியுமா என்று வீட்டிலேயே கண்டறிவது எப்படி?

வகுப்புசார் மதிப்பீட்டில் உங்கள் மகளுக்கு, ஆறு படிகளில் அடைவுநிலை 4 என்று பள்ளி குறித்திருக்கிறது. வீட்டில் 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் அவள் 45 என்று எழுதுகிறாள். இரண்டில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 45 என்ற எண்ணைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் கடந்து போக என்னால் முடியவில்லை. 2012-இல் இதே விடையை எழுதிய ஒரு பையனுக்கு நான் செய்த தவறு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில், கீழ்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் காலத்தில் லினுஸ் என்ற திட்டம் நடப்பில் இருந்தது. 2010-இல் தொடங்கிய அத்திட்டத்தின்படி முதல் மூன்று ஆண்டு (1 முதல் 3-ஆம் வகுப்பு வரை) மாணவர்கள் அனைவரையும் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் சோதிக்க வேண்டும். தேறாதவர்களைப் பிரித்துத் தனியாகக் கற்பிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடியும்போது ஒரு பிள்ளைகூட எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதே இலக்கு. நல்ல இலக்குதான், அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

நான் சொல்லும் பையன் அப்போது உங்கள் மகளைப் போல இரண்டாம் ஆண்டில் இருந்தான். எழுத்துச் சோதனையில் கழித்தல் பகுதி முழுவதையும் தவறாகப் போட்டிருந்தான். 52 - 17 = 45, 63 - 28 = 45, 40 - 16 = 36. நான் சிவப்பு மையால் கோடு போட்டு, கழித்தலில் தேறவில்லை என்று குறித்து, அவனைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பினேன். அந்த விடைகளை நிதானமாகப் பார்த்திருந்தால், அவன் மூன்று கணக்குகளிலும் ஒரே முறையைத்தான் கையாண்டிருக்கிறான் என்பது எனக்குப் புரிந்திருக்கும். மேலே உள்ள எண் சிறியதாக இருந்தால் அதைக் கீழே உள்ள பெரிய எண்ணிலிருந்து கழித்துவிடுகிறான்: 7-இலிருந்து 2 போனால் 5, 5-இலிருந்து 1 போனால் 4. ஒவ்வொரு இலக்கத்தையும் அவன் சரியாகத்தான் கழித்திருந்தான். 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்ற எண்ணம் தாளில் அவனுக்கு எழவில்லை, அவ்வளவுதான். குறைநீக்கல் வகுப்பிலோ அவனை 1 முதல் 20 வரை எண்ணச் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் அவன் அங்கே எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயத்தின் முனையில் அவனுடைய பாட்டி நடத்திய பலகாரக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் வேலைக்குப் போகிறவர், ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் ஒரு வடையும் வாங்கினார். ஒரு வெள்ளி (ரிங்கிட்) எழுபது காசு. சில்லறை எளிதாகக் கிடைக்கட்டும் என்று ஐந்து வெள்ளி நோட்டோடு ஒரு இருபது காசையும் சேர்த்துக் கொடுத்தார். பெரியவர்களே ஒரு கணம் யோசிக்கும் இடம் அது. பையன் மூன்று வெள்ளி நோட்டுகளையும் ஓர் ஐம்பது காசையும் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். "இவன்தான் டீச்சர் எனக்குக் கல்லாப்பெட்டி. எனக்குக் காசு பாத்துக் குடுக்கக் கண்ணு தெரியல" என்றார் பாட்டி. நான் வாங்கிய வடையை அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் அவனைத் தனியாக அழைத்து, 520 - 170 என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். 450 என்று எழுதினான். நேற்று அந்த மாமாவுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். மூன்று ஐம்பது என்றான். இரண்டும் ஒரே கணக்குதானே என்றதற்கு, "இல்ல டீச்சர், அது காசு" என்றான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஒரு வெள்ளி எழுபதிலிருந்து இரண்டு வெள்ளிக்கு முப்பது காசு, அங்கிருந்து ஐந்து வெள்ளிக்கு மூன்று வெள்ளி, கையில் மிச்சம் இருபது காசு, ஆக மூன்று ஐம்பது என்று விரலை மடக்காமல் சொன்னான். பள்ளியில் எவரும் அவனுக்கு இதைக் கற்பிக்கவில்லை.

இப்படி ஒன்றை உலகத்தில் நான் மட்டும் பார்க்கவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், சந்தையில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களைச் சோதித்து 1985-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. கடையில் வாடிக்கையாளரைப் போலக் கேட்டபோது அவர்கள் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரியாக இருந்தன. அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் சரி. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் வெட்கமும் ஒருசேர ஏற்பட்டன.

காசு எண்ணத் தெரிந்தால் போதும், எழுத்துக் கணக்கு வேண்டியதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வகுப்பில் 52 - 17 = 35 என்று அழகாக எழுதிய ஒரு மாணவியும் இருந்தாள். 2-க்கு முன்னால் சிறிய 1 எதற்குப் போட்டாய் என்று கேட்டால், "போடணும்னு சொன்னீங்க" என்றாள். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளிலிருந்து 52 எடுக்கச் சொன்னபோது, கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். தாளில் அவள் தேர்ச்சி, பையன் தோல்வி. உண்மையில் இருவருக்கும் வெவ்வேறு பாதி தெரிந்திருந்தது, அந்த வேறுபாடு என் பதிவேட்டில் எங்கும் இல்லை. உங்கள் மகளின் பள்ளி கொடுத்த 4-ஐயும் நான் பொய் என்று சொல்லவில்லை. வகுப்பில் ஆசிரியர் பார்த்த அன்று அவள் செய்ததை அது காட்டுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில், அண்ணன் தம்பிகள் சுற்றி நிற்க, இதைச் செய்யாதீர்கள். விடுமுறை நாளின் காலையில் கால் மணி நேரம் போதும். இந்தியாவில் 2005 முதல் ஏசர் (ASER) என்ற, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் கணக்கெடுப்பை வீடு வீடாகச் சென்று நடத்துகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையிடம்தான் கேட்பார்கள். எனக்கு அதில் பிடித்தது, சோதனையை நடுவிலிருந்து தொடங்குவது. முதலில் கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கு இரண்டைக் கொடுக்கிறார்கள். இரண்டும் சரியென்றால் மூவிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கும் கணக்குக்கு ஏறுகிறார்கள். இல்லையென்றால் எண்களை அடையாளம் காணும் இடத்துக்கு இறங்குகிறார்கள். உங்கள் மகள் கழித்தலில் தடுக்கிவிட்டாள், ஆகவே நீங்களும் ஒரு படி இறங்குங்கள்.

இறங்கும்போது எண்களைக் காட்டிப் படிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இருபது, முப்பது என்று ஒழுங்காகப் போய், எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்று நூறு ஒலிக்கும். எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம் என்று ஆயிரம் ஒலிக்கும். மலாய் மொழியில் தொண்ணூறைக் குறிக்கும் செம்பிலான் புலோ (ஒன்பது பத்து) என்பதில் இந்தக் குழப்பம் இல்லை. தொண்ணூறு என்றதும் 900 எழுதிய பிள்ளைகளையும், நூற்று ஏழு என்றதும் 1007 எழுதிய பிள்ளைகளையும் நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு, எண்ணூறு, தொள்ளாயிரம், நூற்று ஏழு ஆகிய நான்கையும் சொல்லி எழுதவைத்தால், இடமதிப்பு அவளுக்குப் புரிந்திருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, உண்மையான காசை மேசைமேல் வையுங்கள். ஐந்து ஒரு வெள்ளி நோட்டுகளும் இரண்டு பத்துக் காசுகளும் கொடுத்து, ஒரு வெள்ளி எழுபது காசு கேளுங்கள். ஒரு வெள்ளியைப் பத்துப் பத்துக் காசுகளாக மாற்றித் தரும்படி அவளாகவே கேட்டால், கடன் வாங்குதல் என்று நாம் பலகையில் எழுதுவதை அவள் ஏற்கெனவே அறிந்திருக்கிறாள். நான்கு வெள்ளியும் பன்னிரண்டு பத்துக் காசுகளும் கையில் இருக்கும்போது அதையே தாளில் அவளுடைய கையால் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு நான் இதைத்தான் செய்தேன். மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு விடைக்கும், சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும், எப்படிச் செய்தாய் என்று ஒரே குரலில் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியையே தண்டனையாக நினைத்துக்கொள்வார்கள். நடுவில் திருத்தாதீர்கள், திருத்தினால் உங்கள் முகத்தைப் பார்த்து விடை மாறும்.

ஆசிரியர்களை நான் காட்டிக்கொடுப்பதாகச் சிலர் கருதலாம். நாங்கள் எந்த நிலையில் வேலை செய்தோம் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். அதே 2012-இல் நடந்த ஒரு கூட்டத்தில், எங்கள் பள்ளியின் தேறாதோர் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எது தெரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலைச் சுருக்கும் வழிதான் பேசப்பட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, அப்பன் ஆத்தாள் கவனிப்பதில்லை என்றார். நானும் லயத்தில் பிறந்தவள்தான். ரப்பர்ப் பால் அளந்து போட்ட நிறுவையைத் தோட்டக் கணக்கரான கிராணியின் கணக்கோடு ஒப்பிட்டு, மாதக் கடைசியில் எத்தனை காசு குறைகிறது என்று மனத்திலேயே கூட்டிச் சொன்ன தாய்க்குப் பிறந்தவள். அன்று பதில் பேசாமல் இருந்துவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது லினுஸ் இல்லை. 2019 முதல் கீழ்நிலை வகுப்புகளுக்குத் தேர்வும் இல்லை, ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆண்டிறுதித் தேர்வு நான்காம் ஆண்டில்தான் வரும். அதுவரை காத்திருக்காமல், உங்கள் மகள் எழுதிய தாளையும் காசை வைத்து அவள் சொன்ன விடையையும் வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 4 ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டாம். இந்த 45 எப்படி வந்தது என்று சேர்ந்து பார்ப்போமா என்று கேளுங்கள்.

பையன் 450 என்று எழுதி, அதன் கீழேயே 350 என்று எழுதிய அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் மகள் நான்கு எண்களை எப்படி எழுதினாள், காசை எப்படி மாற்றினாள் என்பதைக் கீழே பதிவிடுங்கள். அதைப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.