பக்கத்து வீட்டுத் துப்பாக்கி

வணக்கம். நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டினில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் அவள் பள்ளியில் லாக்டவுன் டிரில், அதாவது துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி. "விளக்கை அணைச்சுட்டு மூலைல சத்தம் போடாம உக்காரணும்மா, நான்தான் ரொம்ப அமைதியா இருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், வேட்டைக்குப் போகிறவர். "கெட்டவன் எப்படியும் துப்பாக்கி வாங்கிடுவான். டீச்சர்கள் கையிலும் ஒன்று கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மகனும் என் மகளும் அவர் வீட்டில்தான் விளையாடுகிறார்கள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

அவருக்கான பதில் உங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிறது. யுவால்டி. 2022 மே 24 அன்று அந்த ஊர்த் தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து சுட்டான். அங்கே வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள். முதலில் வந்தவர்கள் சில நிமிடங்களிலேயே கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். ஆனால் வகுப்பறைக்குள் நுழைந்து சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அவன் கையில் இருந்தது அடுத்தடுத்து வேகமாகச் சுடக்கூடிய ஏ.ஆர்.15 வகை ரைஃபிள் என்ற பயம்தான் தயங்க வைத்தது என்று காவலர்களில் சிலரே பின்னால் சொன்னார்கள். போலீஸே தயங்கிய இடத்தில், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் மேசை டிராயரைத் திறந்து என்ன செய்வார்?

"எப்படியும் வாங்கிடுவான்" என்பதும் அங்கே நடந்ததோடு ஒட்டவில்லை. அவன் திருட்டுத்தனமாக வாங்கவில்லை. 18 வயது நிறைந்த சில நாட்களிலேயே சட்டப்படி இரண்டு ரைஃபிள் வாங்கினான். அமெரிக்கா முழுவதற்குமான சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும், ரைஃபிளுக்கு 18 போதும். (இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.) ரைஃபிளுக்கும் 21 ஆக்குங்கள் என்று யுவால்டி பெற்றோர் உங்கள் ஊர்ச் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள். 2023-ல் அது நிறைவேறவில்லை. பள்ளிக்கு ஒரு ஆயுதக் காவலர் என்ற சட்டம்தான் வந்தது. டெக்சாஸைப் போலவே புளோரிடாவை ஆள்வதும் குடியரசுக் கட்சிதான். அங்கே பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 17 பேர் இறந்த மூன்று வாரம் சொச்சத்தில், 2018 மார்ச்சில், வயதை 21 ஆக்கினார்கள். முடியாத காரியம் இல்லை.

ஆஸ்திரேலியா மாதிரி அரசே காசு கொடுத்து மக்களிடமிருந்து துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிவிடலாமே என்று பலர் எழுதுகிறார்கள். தனிமனிதர் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2008-ல் சொல்லிவிட்டது. இப்போதைக்கு அந்தப் பேச்சு எங்கும் போகாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012-ல் 20 சிறு குழந்தைகளைக் கொன்ற துப்பாக்கி, சுட்டவனின் அம்மா சட்டப்படி வாங்கியது. மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-ல் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற 15 வயதுப் பையனுக்கு, நாலு நாள் முன்புதான் அப்பா துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். பையன் வரைந்த துப்பாக்கிப் படத்தைக் காட்டி, சுட்ட அன்று காலையே பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியும் அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. 2024-ல் இருவருக்கும் சிறை.

அதனால் டீச்சர் விவாதத்தை விடுங்கள், அதில் நீங்கள் ஜெயித்தாலும் ஒன்றும் மாறாது. அடுத்த முறை மகளை விளையாட அனுப்பும் முன், உங்கள் துப்பாக்கிகள் பூட்டில் இருக்கின்றனவா, தோட்டாக்கள் தனியாக இருக்கின்றனவா, சாவி யாரிடம் என்று அவரிடம் கேளுங்கள். வேட்டைக்காரர், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கோபித்துக்கொண்டால், பிள்ளைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும்.