சத்தமாகக் கேளுங்கள்!

(இந்த இதழில் ஹெவி மெட்டல் குழுக்களின் ஏற்ற இறக்கம் பற்றிய கேள்விகள். பதில் சொல்பவர் பெங்களூரு அல்சூரில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தொண்ணூறுகளில் ஒரு மெட்டல் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர்.)

ஹெவி மெட்டல் என்றாலே காட்டுக் கத்தல். இதற்கெல்லாம் ஒரு வரலாறு வேறு இருக்கிறதா?
ஒரு வாசகர், சிவாஜிநகர்

கத்தல்தான் சார், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தல் ஒரு தகரப் பட்டறையிலிருந்து வந்தது தெரியுமா?

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற தொழிற்சாலை ஊர். அங்கே டோனி அயோமி என்று 17 வயதுப் பையன், இடது கைப் பழக்கம். கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று உலோகத் தகடு வேலையை விட்டுவிட்டான். கடைசி நாள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. அவன் அம்மாதான், பாதியில் விடக்கூடாது, முழு நாளும் முடித்துவிட்டு வா என்று அனுப்பினாராம். அன்றைக்கு வராத ஆளுக்குப் பதிலாக ஒரு பிரஸ் மெஷினில் நின்றான். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயிற்று. இடது கைக்காரனுக்குக் கம்பியை அழுத்துகிற கை வலது கை. அதாவது எது போகக்கூடாதோ அது போயிற்று.

பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்து கொடுத்தார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் மேதையின் தட்டு அது. அதைக் கேட்டுவிட்டு அயோமி பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். வழுக்காமல் இருக்க, பழைய ஜாக்கெட் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். அப்படியும் வலித்தது. மெல்லிய கம்பி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது சுலபம், ஆனால் ஒலி கனத்து அடியில் போய் உட்காரும். அவர் நண்பர்களோடு தொடங்கிய, ஹெவி மெட்டலின் முன்னோடியான பிளாக் சபாத் குழுவின் அந்த இருட்டு ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய முதல் ஆல்பம் 1970-இல் வந்தது. இன்றைக்கு என் கடைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் சுருதியை இறக்கித்தான் வாசிக்கிறார்கள். பத்து விரலும் முழுசாக இருந்தும்!

பாடகர் விலகிவிட்டால் குழு முடிந்த மாதிரிதானே?
ஒரு வாசகி, பிரேசர் டவுன்

இல்லை. முடிந்தவர்களும் உண்டு, தப்பித்தவர்களும் உண்டு. வித்தியாசம் குரலில் இல்லை என்பது என் கட்சி.

சபாத்தே 1979-இல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னை வெளியே அனுப்பியது. போதை, குடி, வேலை நடக்கவில்லை. அடுத்த வருடமே ரோனி ஜேம்ஸ் டியோவை வைத்து இன்னொரு குழு போல எழுந்து நின்றார்கள். ஆஸியும் தனியாகப் பெரிய ஆளானார். கடைசியில் 2025 ஜூலை 5-ஆம் தேதி, அதே பர்மிங்காமில், பழைய நாலு பேரும் ஒரே மேடையில். ஆஸி நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து இறந்துபோனார். நான் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் "சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் அயர்ன் மெய்டன். பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975-இல் ஆரம்பித்தது. (பேஸ் வாசிக்கிறவன் முதலாளியாக இருக்கும் குழு, கவனியுங்கள்.) 1993-இல் பாடகர் புரூஸ் டிக்கின்சன் போனார். பிளேஸ் பெய்லி வந்தார், இரண்டு ஆல்பம். பெய்லி மோசமான பாடகர் இல்லை, பழைய பாட்டுகள் அவர் குரலுக்கு உயரம். அமெரிக்காவில் பெரிய அரங்கத்திலிருந்து சின்ன அரங்கத்துக்கு இறங்கினார்கள். மெட்டலுக்கே அப்போது கெட்ட நேரம், 1991-க்குப் பிறகு சியாட்டில் பக்கத்து கிரஞ்ச் என்ற ராக் இசை அலை எல்லோரையும் அடித்துக்கொண்டு போனது.

1999-இல் டிக்கின்சன் திரும்பி வந்தார். கூடவே பழைய கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும். இப்போது கவனியுங்கள். ஸ்மித் போனபோது அவர் இடத்துக்கு வந்த யானிக் கெர்ஸ் இன்னும் அங்கேயே இருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் "நன்றி தம்பி, போயிட்டு வா" என்றிருப்பார்கள். மெய்டன் அவரை அனுப்பவில்லை. மூன்று கிட்டாரோடு நடத்திவிட்டார்கள். நம் கல்யாண வீட்டில் தாமதமாக வந்த மாமாவுக்கு, உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமல் இன்னொரு நாற்காலி போடுவோமே, அப்படி. பெய்லிக்குத்தான் நாற்காலி இல்லை. அங்கே இரண்டு பாடகருக்கு இடம் இல்லை.

அந்த மூன்று கிட்டாரையும் 2007 மார்ச் 17-ஆம் தேதி நம்ம பேலஸ் கிரவுண்ட்ஸில் நின்று கேட்டேன். அவ்வளவு பெரிய மெட்டல் குழு இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல்முறை. எனக்கு முன்னால் நின்ற ஆள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வண்டியில் வைத்தால் திருடிவிடுவார்களாம். முழுக் கச்சேரிக்கும் ஹெல்மெட்டோடு தலையை ஆட்டினார்.

அடுத்த வருடச் சுற்றை மும்பையில் தொடங்கினார்கள். குழுவையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிய போயிங் 757-ஐ ஓட்டியது பாடகரேதான். டிக்கின்சன் லைசென்ஸ் உள்ள விமானி.

மெட்டல் ரசிகர்கள் ஏன் எப்போதும் கறுப்பு டிஷர்ட்?
ஒரு கல்லூரி மாணவர், ஜாலஹள்ளி

அழுக்கு தெரியாது.

மெட்டாலிகாவுக்கு எல்லாமே ஏறுமுகம்தானே? அவர்களுக்கு என்ன இறக்கம் வந்தது?
ஒரு வாசகர், மும்பை தாராவி

தம்பி, அவர்கள் கதையைக் கேட்டால் நம் கூட்டுக்குடும்பம் தேவலாம் என்பீர்கள்.

1983-இல் முதல் ஆல்பம் பதிவு செய்யும் முன்பே கிட்டார்காரர் டேவ் மஸ்டேனை நியூயார்க்கில் வைத்து நீக்கி, கலிபோர்னியாவுக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். நாலு நாள் பயணம். அந்தக் கோபத்தில் அவர் ஆரம்பித்ததுதான் மெகாடெத். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் இவர்கள் போன பஸ் கவிழ்ந்து பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். வயது 24. அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். அவரை வைத்து எடுத்த 1988 ஆல்பத்தில், என் தொழில்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், பேஸ் கிட்டார் காதிலேயே விழாது. ஒலிக்கலவையில் அதை அமுக்கிவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காக அந்த ஆல்பத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நல்ல பாட்டுகள், அது வேறு.

1991-இல் கறுப்பு அட்டை ஆல்பம் வந்து உலகமே அவர்கள் காலடியில். பத்து வருடம் கழித்து என்ன நடந்தது? தனியாக இன்னொரு குழுவில் வாசிக்கிறேன் என்ற நியூஸ்டெட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை, அவர் 2001-இல் விலகினார். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு குடியை விடச் சிகிச்சைக்குப் போனார். மிச்சமிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பஞ்சாயத்து வைத்தார்கள். பஞ்சாயத்து பண்ண வந்த ஆலோசகருக்கு மாதம் 40,000 டாலர்! எங்கள் தெருவில் இதே வேலையை ஒரு அத்தை காபிக்கே செய்துவிடுவார். ஆனால் அதன்பிறகு அவர்கள் ஒன்று சரியாகச் செய்தார்கள். 2003-இல் புதிதாக வந்த ராபர்ட் ட்ருஹியோவுக்கு எடுத்த எடுப்பிலேயே பத்து லட்சம் டாலர் கொடுத்து, நீ கூலிக்கு வந்தவன் இல்லை, பங்காளி என்று சொல்லிச் சேர்த்தார்கள். பழையவருக்குச் செய்யாததைப் புதியவருக்குச் செய்தார்கள். அவர் இன்றும் இருக்கிறார்.

2011 அக்டோபரில் இந்தியா வந்தபோதுகூட அவர்களுக்குச் சோதனை. குர்கானில் 28-ஆம் தேதிக் கச்சேரி பாதுகாப்புத் தடுப்புக் கோளாறால் நின்றது, ஆத்திரத்தில் கூட்டம் மேடையை உடைத்தது. 30-ஆம் தேதி பெங்களூரில் நல்லபடியாக நடந்தது.

உங்கள் குழு ஏன் உடைந்தது? எந்தப் பேட்டியிலும் நீங்கள் சொன்னதில்லையே?
ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

யாரும் பேட்டி எடுத்ததில்லை, அதுதான் காரணம்.

நாங்கள் நாலு பேர். நானும் பாடகரும் தமிழ், டிரம்மர் கன்னடக்காரர், கிட்டார்காரர் காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியர். பயிற்சி என் சித்தப்பாவின் மாவு மில்லில், இரவு எட்டரைக்கு மேல். பெல்ட் நின்றபிறகும் காற்றில் மாவு இருக்கும். ஸ்நேர் டிரம்மில் முதல் அடி விழுந்ததும் புகை மாதிரி கேழ்வரகு மாவு எழும்பும். வீட்டுக்குப் போனால் அம்மா "மெட்டலா அடிக்கிறீங்க, களி கிண்டுறீங்களா?" என்பார்.

சித்தப்பா கணக்கு நோட்டு ஒன்று கொடுத்திருந்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் இப்படி: கல்லூரி விழா, பேசியது 6,000, வந்தது 2,000. ஆட்டோ 340. கம்பி 220. வடை, டீ 48. மிச்சம் நாலாகப் பிரித்து ஆளுக்கு 348. பேசிய மிச்சப் பணம் வரவே இல்லை. விழா நடத்திய பையன்கள் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

உடைந்தது அதனால் இல்லை. ஒரு சர்ச்சில் விற்ற பழைய பேஸ் ஆம்பை 18,000 கொடுத்து, ஆளுக்கு 4,500 போட்டு வாங்கினோம். ஐந்தாவது வருடம் கிட்டார்காரருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. என் பங்கு 4,500-ஐக் கொடுங்கள் என்றார். ஆம்ப் பழசாகிவிட்டது, இப்போது அந்த விலை போகாது என்று நான் சொன்னேன். நியாயமான பேச்சுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சொன்ன இடம் டீக்கடை, எல்லார் முன்னாலும். அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். பாடகர் என்னோடு பேசவில்லை. டிரம்மர் வேறு குழுவுக்குப் போனார். ஒருவரும் "குழு முடிந்தது" என்று அறிவிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மில்லுக்குப் போனேன், நான் மட்டும் இருந்தேன். அரை மணி நேரம் தனியாக வாசித்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

ஐந்து வருடத்தில் நாங்கள் சொந்தமாக எழுதியது நாலே பாட்டு. மீதி எல்லாம் அடுத்தவர் பாட்டு. அப்போதைய கூட்டம் அதைத்தான் கேட்டது, நாங்களும் அதைத்தான் கொடுத்தோம். நம் ஊரிலேயே கிரிப்டோஸ் குழு 1998-இல் ஆரம்பித்து, சொந்தப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு, 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடை ஏறியது. டெல்லி பிளடிவுட் அடுத்தவர் பாப் பாட்டுகளை மெட்டலாக்கிக் கிண்டல் வீடியோ போட்டுத்தான் தொடங்கியது, ஆனால் அதோடு நிற்காமல் டோல் மேளத்தை உள்ளே கொண்டுவந்து தனக்கென்று ஒரு ஒலியைப் பிடித்தது. 2019-இல் அவர்களும் வாக்கன் போனார்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. கேழ்வரகு மாவு கையிலேயே இருந்தும் தோன்றவில்லை.

என் மகனுக்கு 24 வயது. ஒயிட்ஃபீல்டில் நல்ல வேலை. மெட்டல் குழுவுக்காக விட்டுவிட்டேன் என்கிறான். மூன்று மாதமாக வீட்டில் பேச்சே இல்லை. நான் என்ன செய்ய?
ஒரு தாய், முருகேஷ்பாளையா

அம்மா, முதலில் பேசுங்கள். வேலையைப் பற்றி வேண்டாம். "கச்சேரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், சாப்பாடு கட்டவா?" என்று கேளுங்கள்.

உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். இதில் சோறு கிடைப்பது கஷ்டம். ஆன்வில் என்று கனடாக் குழு. 1984-இல் ஜப்பானில் பான் ஜோவி, ஸ்கார்பியன்ஸ் எல்லாரோடும் ஒரே விழாவில் வாசித்தவர்கள். மற்றவர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். ஆன்வில் பாடகர் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டினார். 2008-இல் இவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்த பிறகுதான் மறுபடி பெரிய மேடை. நடுவில் இருபது வருடத்துக்கு மேல். அவரும் டிரம்மரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள், அத்தனை வருடமும் சண்டை போட்டுக்கொண்டே பிரியாமல் இருந்தார்கள்.

அதனால் பையன் எவ்வளவு நன்றாக வாசிக்கிறான் என்று நான் கேட்கமாட்டேன். குழுவில் மற்ற மூன்று பேர் யார், பணக் கணக்கு எழுதுவது யார், சாமான் யார் பெயரில் இருக்கிறது, ஒருவன் விலகினால் என்ன செய்வதாகப் பேசியிருக்கிறார்கள் என்று கேட்பேன். முழித்தால், பாதி நேர வேலையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒளிவு மறைவில்லாமல். டிஷர்ட் அடித்து விற்கிறார்களா என்றும் கேளுங்கள். சிரிக்காதீர்கள், பல குழுக்களுக்குப் பெட்ரோல் காசு அதில்தான் வருகிறது.

ஆம்ப் இல்லையென்றால் என்னிடம் அந்தச் சர்ச் ஆம்ப் சும்மாதான் கிடக்கிறது. வால்வு மாற்றி வைத்திருக்கிறேன். வாடகை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வரச்சொல்லுங்கள், தனியாக வேண்டாம், நாலு பேருமாக. மாடிப்படி குறுகல், அது நாற்பது கிலோ இருக்கும்.