ஹாரி காக்ஸும் நூறு பாட்டுப் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்து நாட்டுப்புற இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பிளாங்க்ஸ்டி குழுவைக் கேட்க ஆரம்பித்தேன். பித்துப் பிடித்துவிட்டது. இந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தன என்று வேரைத் தேடிப் போனதில், டாபிக் ரெக்கார்ட்ஸ் மறுவெளியீடாகக் கொண்டுவந்த ஹாரி காக்ஸின் இரட்டை சிடி கையில் கிடைத்தது. வாங்கிவிட்டேன். பக்கவாத்தியம் கிடையாது. ஒரு கிழவர் தனியாகப் பாடிக்கொண்டே போகிறார். கதையில் கொலை விழுந்தாலும் சரி, காதலி கடலில் குதித்தாலும் சரி, பால் கணக்கு ஒப்பிப்பதுபோல அதே குரல். "இதுக்குக் காசு குடுத்தீங்களா?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், நூறு பழைய ஐரிஷ் இசைத்தட்டுப் பதிவுகள் அடங்கிய பெட்டி ஒன்று அதில் கால் விலைக்குக் கிடைக்கிறது. ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) வாசித்த மைக்கேல் கோல்மன் உட்பட எல்லாரும் இருக்கிறார்கள். கரகரப்பே இல்லை, ஒலி அவ்வளவு சுத்தம். பாதிக்கு மேல் இணையத்தில் இலவசமாகவும் கேட்கலாம். அப்படியிருக்க, விலை கூடிய மறுவெளியீடுகளுக்கு என்ன அவசியம்? வாங்குவதென்றால் வினைலில் வாங்கலாமா?

ர., லண்டன்

*

அன்புள்ள ர.,

காக்ஸைக் கேட்டு நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. பிளாங்க்ஸ்டியிலிருந்து நேராக அவரிடம் போவது பெரிய தாவல். போதாததற்கு நாடும் வேறு. அவர் கிழக்கு இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் பண்ணைத் தொழிலாளி. 1885இல் பிறந்து 1971இல் இறந்தவர். நீங்கள் தேடிய வேர் அவரிடம் இல்லை. அது இருக்கிற இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் பால் கணக்கு என்று சொன்னீர்களே, அது சரியாகக் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பாட்டு மரபில் பாடகர் கதைக்குள் புகுந்து அழுவதில்லை. கொலைகாரனுக்கு ஒரு குரல், செத்தவளுக்கு ஒரு குரல் என்று வைப்பதும் இல்லை. கதையைக் கேட்கிறவர் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். உணர்ச்சியைக் குரலில் தேடாமல் மெட்டில் தேடுங்கள். முதல் கண்ணியில் வந்த மெட்டு மூன்றாவதில் அச்சு அசலாகத் திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். வராது. சொல் நீண்டால் ஒரு சுரம் கூடும், சொல் குறைந்தால் ஒன்று கழியும். சில அடிகளின் முடிவில் குரல் எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும். எல்லாம் மிகச் சிறியவை. முதல் முறை கேட்கும்போது எதுவும் நடக்காததுபோலத்தான் இருக்கும்.

இந்தச் சின்ன மாற்றங்கள்தான் பாட்டின் உயிர் என்று பிடிவாதமாகச் சொன்னவர் பெர்சி கிரெய்ஞ்சர். ஆஸ்திரேலியாவில் பிறந்த பியானோக்காரர். 1906இல் ஒலியைப் பதியும் மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு லிங்கன்ஷயர் கிராமங்களுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய புதையல் ஜோசப் டெய்லர். எழுபதைத் தாண்டிய வயது, ஆனால் குரலில் இளமை குறையவில்லை. உருளையை மெதுவாகச் சுழலவிட்டு, டெய்லர் ஒரு நொடிக்குள் போடும் நெளிவுகளையெல்லாம் கிரெய்ஞ்சர் தாளில் எழுதினார். அதையொட்டி அவர் எழுதிய கட்டுரை 1908இல் நாட்டுப்புறப் பாடல் சங்கத்தின் இதழில் வந்தது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்களில் பெரிய ஆளான செசில் ஷார்ப்புக்கே கருவியின் மேல் நம்பிக்கை வரவில்லை. காதால் கேட்டு எழுதிக்கொண்டால் போதும் என்ற கட்சி அவர். எழுதிக்கொள்ளும்போது என்ன நடக்கும்? பத்து கண்ணிக்கும் ஒரே மெட்டாகச் சீர்செய்யப்பட்டுவிடும்.

அதே 1908இல் கிராமபோன் கம்பெனி டெய்லரை லண்டனுக்கு அழைத்துப் பதிவு செய்து இசைத்தட்டாகவே விற்றது. ஒரு கிராமத்துப் பாடகரின் குரல் கடைக்கு வந்தது அன்றைக்குப் பெரிய விஷயம். தட்டுகள் காலப்போக்கில் மறைந்துபோயின. 1972இல் லீடர் என்ற சிறு நிறுவனம் உருளைகளையும் தட்டுகளையும் தேடி எடுத்து எல்பியாக (நீண்டநேர இசைத்தட்டாக) போட்ட பிறகுதான், அந்தக் குரல் மறுபடி ஆட்களின் காதுக்குப் போனது. 'பிரிக் ஃபேர்' என்ற மெட்டை இசையமைப்பாளர் டீலியஸின் வாத்தியக் குழு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். டெய்லருக்கு அந்தப் பாட்டில் இரண்டே கண்ணிகள்தான் நினைவிருந்தன. அந்த இரண்டையும் அவர் பாடுவதைக் கேட்டபின் டீலியஸ் கொஞ்சம் கனமாகத் தெரிகிறார், எனக்கு.

மறுவெளியீட்டைப் புது அட்டை போட்ட பழைய சரக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு பதிப்பாசிரியர் வேலை. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார், எந்த வேகத்தில் ஓட்டினார், எதை வெட்டினார், யார் பெயரைப் போட்டார், என்ன எழுதினார் என்பதையெல்லாம் வைத்துத்தான் விலை கூடுதலா குறைவா என்று சொல்ல முடியும்.

வெட்டுவதற்கு ஒரு உதாரணம். 1950களில் ஆலன் லோமாக்ஸ், பீட்டர் கென்னடி, ஷேமஸ் என்னிஸ் போன்ற சேகரிப்பாளர்கள் ஒலிநாடாக் கருவியோடு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து முழுக்க அலைந்தார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1961இல் அமெரிக்காவின் கேட்மன் நிறுவனம் பத்து எல்பிகள் கொண்டுவந்தது. ஒரு தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல பாட்டுகள் பாதியில் நறுக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் ஒருவர் தொடங்க இன்னொருவர் முடிப்பதுபோல வேறு வேறு ஊர்க்காரர்களின் குரல்களை ஒட்டிவைத்திருந்தார்கள். கதைப்பாட்டின் நடுக்கண்ணிகளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பின்னால் வந்த நல்ல மறுவெளியீடுகள் அந்தக் கண்ணிகளைத் திருப்பிக் கொடுத்தன. உங்களிடம் இருக்கும் காக்ஸ் அப்படிப்பட்ட வேலை.

அப்புறம் வேகம். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று இசைத்தட்டு என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத்தில் நிறையத் தட்டுகளை அந்த வேகத்தில் பதியவில்லை. 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிவிடும், ஓட்டமும் கூடிவிடும். ஃபிடில்காரர் ஏதோ வெறி வந்ததுபோல வாசிப்பார். "அந்தக் காலத்து ஆட்களுக்கு என்ன கை வேகம்!" என்று நாமும் வாயைப் பிளப்போம். வாத்தியத்தின் சுருதியை வைத்துக் கணக்குப் போட்டு, தட்டுக்குத் தட்டு வேகத்தைத் திருத்த வேண்டும். மலிவுப் பெட்டிக்காரர்கள் இதற்கு மெனக்கெடுவார்கள் என்று நினைக்கிறீர்களா?

அந்தப் பெட்டிகள் ஏன் மலிவு என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பு ஐம்பது ஆண்டுகள்தான். 2013இல் அதை எழுபதாக நீட்டினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு உரிமை திரும்பி வரவில்லை. 1963க்கு முன் வெளியான தட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். சட்டப்படி குற்றம் இல்லை. வேறொருவர் பாடுபட்டுச் சுத்தம் செய்த சிடியிலிருந்தே எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. நீங்கள் மெச்சிய அந்தச் சுத்தத்திலும் எனக்குச் சந்தேகம். ஃபிடிலில் வில் நரம்பைக் கடிக்கிற சத்தமும் பாடகரின் மூச்சும் இருப்பது தட்டின் இரைச்சல் இருக்கும் அதே இடத்தில்தான். ஒன்றை முழுக்கத் துடைத்தால் மற்றதும் சேர்ந்து போய்விடும். தண்ணீருக்கு அடியில் வாசிப்பதுபோல ஒரு மொழுமொழுப்பு வந்திருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

கோல்மன் பெயரைச் சொன்னதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஸ்லைகோ மாவட்டத்துக்காரர், 1914இல் அமெரிக்கா போனவர். 1920களிலும் 30களிலும் நியூயார்க்கில் அவர் வாசித்த தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பின. ஊர் ஊராக ஒவ்வொரு விதமாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்லைகோ பாணிக்கு மாறினார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். அந்த அளவுக்குள் அவர் இரண்டு மூன்று ரீல்களை (வேகமான நடன மெட்டுகளை) அடுத்தடுத்துக் கோத்தார். 'டார்போல்டன்', 'லாங்ஃபோர்ட் கலெக்டர்', 'செய்லர்ஸ் பானட்' என்று அவர் கோத்த வரிசையிலேயே இன்றைக்கும் மதுக்கடைகளில் வாசிக்கிறார்கள். பக்கத்தில் பியானோ வாசித்தவர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பல தட்டுகளில் பியானோ ஒரு பக்கம், கோல்மன் ஒரு பக்கம். ஹாரி பிராட்ஷா தொகுத்து 1992இல் வந்த இரட்டை ஆல்பத்தில் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. பெட்டியில் அவர் நூற்றில் நாலைந்தாகக் கரைந்துபோயிருப்பார்.

கலப்படமில்லாத மரபு என்று யாராவது சொன்னால் நான் மார்கரெட் பேரியைக் காட்டுவேன். கார்க் நகரத்தில் பிறந்து, பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தோடு தெருவிலும் சந்தையிலும் பாடிப் பிழைத்தவர். அவருடைய புகழ்பெற்ற பாட்டு 'ஷி மூவ்ட் த்ரூ தி ஃபேர்'. எந்தப் பாட்டியிடம் கற்றார் என்று சேகரிப்பாளர்கள் ஆவலோடு கேட்டால், பாடகர் ஜான் மெக்கார்மக்கின் கிராமபோன் தட்டிலிருந்து என்றார். மறுவெளியீட்டோடு வரும் நல்ல புக்லெட் இதை மறைக்காமல் எழுதும்.

சரி, உங்கள் வேருக்கு வருவோம். அது ஜான் ரைலி. அயர்லாந்தின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், ரோஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற சிற்றூரில் இருந்தார். 1960களில் டாம் மன்னெலி என்ற இளைஞர் அவர் பாட்டுகளை நாடாவில் பதிந்தார். அவற்றில் ஒன்று 'தி வெல் பிலோ தி வேலி'. கிணற்றடியில் ஒரு வழிப்போக்கன் தண்ணீர் கேட்கிறான். அவள் சாக்குச் சொல்கிறாள். அவள் பெற்றுப் புதைத்த பிள்ளைகள் எங்கெங்கே கிடக்கின்றன, யாருக்குப் பெற்றாள் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சைல்ட் என்ற அறிஞர் தொகுத்த பழைய கதைப்பாடல்களில் 21ஆம் எண். வாய்மொழியில் அது செத்துப்போய்விட்டது என்றே அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். ரைலியின் வாயில் அது இருந்தது. பிளாங்க்ஸ்டியின் பாடகர் கிறிஸ்டி மூர் அதை எடுத்தார், பிளாங்க்ஸ்டி 1973இல் அதே பெயரில் ஆல்பமே போட்டார்கள். ரைலி 1969இலேயே வறுமையில் இறந்துவிட்டார், நாற்பதைத் தாண்டிய வயதில். அவர் குரல் தனி எல்பியாக டாபிக்கில் வந்தது 1978இல். பிளாங்க்ஸ்டியின் 'ராகிள் டாகிள் ஜிப்ஸி'யும் அவர் கொடுத்ததுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிளாங்க்ஸ்டியில் தாளம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். ரைலியில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, அந்தப் பிள்ளைகள் புதைந்த இடங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வரும்.

இலவசம் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் 'தோபர் அன் டூவலஹஸ்' தளத்திலும், லோமாக்ஸின் ஆவணக் காப்பகத்திலும், டப்ளினில் இருக்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகத்திலும் ஆயுள் முழுக்கக் கேட்கப் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அவை கடல். எதை முதலில் கேட்பது என்று யாராவது கைப்பிடித்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் இருப்பது என்றைக்கும் இருக்கும் என்பதும் இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைக் கொள்ளைக் கும்பல் முடக்கியபோது அதன் ஒலிப்பதிவுத் தளமும் இருட்டாகிப் போனது.

விலை கூடினாலே நல்லது என்றும் இல்லை. டாபிக் 1998இல் ரெக் ஹாலை வைத்து இருபது சிடிகளில் ஒரு பெரிய வரிசை கொண்டுவந்தது. அவரே லண்டன் ஐரிஷ் இசைக்காரர்களோடு உட்கார்ந்து வாசித்தவர், அவர் காதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடல், காதல், குடி என்று பொருள்வாரியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரே பாடகர் ஐந்து சிடிகளில் சிதறிக் கிடக்கிறார். ஒரு ஆளோடு முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் இந்தப் பாட்டு பிடிபடும் என்பது என் கட்சி. அப்படி உட்கார வால்டர் பார்டன் ஏற்ற ஆள். காக்ஸின் நார்ஃபோக்கைச் சேர்ந்த தச்சர். மாமாவிடம் கற்ற பாட்டுகளை, கேட்க ஆளே இல்லாத காலத்திலும் நோட்டில் எழுதிவைத்து, மெட்டு மறக்காமலிருக்க மெலோடியன் என்ற துருத்தி வாத்தியத்தில் வாசித்துப் பார்த்துக்கொண்டவர். அறுபதை நெருங்கும் வயதில்தான் வெளியுலகம் அவரைக் கண்டது. காக்ஸைவிட மென்மையான குரல். வீட்டிலும் எதிர்ப்பு குறைவாக இருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஊர்ச் சரக்கு: 'பேடி இன் தி ஸ்மோக்' என்ற ஆல்பம். 1960களில் ஹாலவே பகுதியில் ஃபேவரிட் என்ற மதுக்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய ஐரிஷ் தொழிலாளிகள் வாசித்தது. கண்ணாடிக் குவளைச் சத்தம், பேச்சு, நடுநடுவே உற்சாகக் கூச்சல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நல்லவேளையாக யாரும் துடைக்கவில்லை.

வினைல் வேண்டாம். அட்டை பெரிதாக அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தட்டில் நாற்பது நிமிடம் சொச்சம்தான் அடங்கும். இடம் பற்றாமல் நீளமான கதைப்பாட்டுகளைத்தான் முதலில் கைவிடுவார்கள். சிடி என்றால் எழுபது நிமிடத்துக்கு மேல், கூடவே தடிமனான புக்லெட். பழைய சிடிகளை லண்டன் அறக்கட்டளைக் கடைகளில் தேடிப்பாருங்கள். வாங்குமுன் உறையைத் திறந்து, புக்லெட் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி நேரம் இருக்காது.