குச்சியை விடுங்கள், மீன் சாஸைக் கேளுங்கள்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் எங்கள் கல்யாண நாளுக்கு ஏதோ 'ஆசியன் ஃப்யூஷன்' ஹோட்டலில் டேபிள் புக் செய்திருக்கிறான். நான் சுத்த சைவம். அவரோ ஆம்பூர் பிரியாணி தவிர எதையும் சாப்பாடாகவே மதிக்க மாட்டார். அங்கே சாப்பிடக் கொடுக்கும் சாப்ஸ்டிக் குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் அசிங்கப்படுவோமோ?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: குச்சி அப்புறம் அம்மா, நீங்கள் கவலைப்பட வேண்டியது குழம்பைப் பற்றி. ஜப்பான், தாய்லாந்து, சீனா, கொரியா எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றுவதுதான் இந்த ஃப்யூஷன், அதில் காய்கறி மட்டும் மிதக்கிறதே என்று நம்பிவிட முடியாது, ஏனென்றால் மீசோ என்கிற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்புக்கான தாஷி சாற்றை வழக்கமாக உலர்ந்த மீன் சீவலில்தான் எடுப்பார்கள், தாய் கறி விழுதில் இறால் சேரும், கிம்ச்சி என்கிற கொரியா முட்டைக்கோஸ் ஊறுகாயில்கூடப் பெரும்பாலும் மீன் சாஸ் இருக்கும். வெறுமனே "சைவம்" என்று சொல்லாதீர்கள். மீன் சாஸ், இறால் விழுது, ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். மகனை இப்போதே போன் போட்டுச் சொல்லிவைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலேயே உண்டு. மற்றதற்கு ஸ்பூன் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். குச்சியைச் சோற்றில் நட்டு மட்டும் வைக்காதீர்கள், அங்கே அது சாவு வீட்டு வழக்கம். சுஷி என்றாலே பச்சை மீன் என்று அவர் முகம் சுளித்தால், அது காடி கலந்த சோறுதான், வெள்ளரிக்காய் வைத்தும் வரும் என்று சொல்லுங்கள். பிரியாணிக்குக் கத்தரிக்காய் தொட்டுக்கொள்கிறவருக்கு மீசோ தடவிச் சுட்ட கத்தரிக்காய் கிடைத்தால் பாதி கோபம் போய்விடும்.

நான் முதல்முறை போனபோது எடமாமே என்று உப்புத் தூவிய பச்சை சோயாக் காய் ஒரு கிண்ணம் வந்தது. தோலோடு மென்று மென்று பார்க்கிறேன், நார் இறங்கவே இல்லை, பக்கத்து டேபிள் குழந்தை பருப்பை மட்டும் பல்லால் உருவிவிட்டுத் தோலைத் தட்டில் போடுகிறது! நம்மூரில் தை மாதம் மொச்சைக்காயை அவித்துத் தின்பதும் இப்படித்தானே. விலையைப் பார்த்தால், வேலூர் லாங் பஜாரில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம்.

கேள்வி: பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' 10% போட்டிருந்தார்கள். கட்டியே ஆக வேண்டுமா?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். ஜிஎஸ்டி வேறு, அதோடு சண்டை போடாதீர்கள். பரிமாறிய பையனுக்குத் தர மனமிருந்தால் கையில் கொடுங்கள்.