எட்டு பேர் டின்னர், ஒரே மீன்: சால்மன் கேள்வி பதில்

போன தடவை ஓவன்ல மீன் பண்றத பத்தி ரெண்டே வரி எழுதினேன், அதுக்கே கேள்வி குவிஞ்சு கிடக்கு. சால்மன் பத்தி வந்ததை மட்டும் இந்த தடவை எடுத்துக்கறேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, வர்ற சனிக்கிழமை எட்டு பேர் டின்னருக்கு வர்றாங்க. ஓவன்ல சால்மன்னு சொல்லியாச்சு, ஆனா நான் இதுவரைக்கும் பண்ணதே இல்ல. யார கேட்டாலும் "ஜாக்கிரதை, சக்கையா போயிடும்"னு பயமுறுத்துறாங்க. எத்தனை டிகிரி, எவ்ளோ நேரம், எப்போ உள்ள வைக்கணும், எல்லாம் சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: பயமுறுத்துறவங்க சொல்றது உண்மைதான்மா, சால்மன்ல கெட்டுப்போறதுக்கு பெருசா வேற வழியே இல்ல, அதிகமா வேகவிட்டா மட்டும்தான் கெடும். அதனால வேகம் கம்மியா வச்சா நமக்கு யோசிக்க டைம் கிடைக்கும், அவ்ளோதான் விஷயம். 220 டிகிரில வச்சா நல்லா இருக்கற நேரத்துக்கும் காஞ்சுபோற நேரத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கும், அந்த நேரம் பார்த்து தான் வாசல்ல பெல் அடிக்கும். 135 டிகிரில வச்சீங்கன்னா அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆனாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

முதல்ல வாங்கறது. எட்டு துண்டு வாங்காதீங்க, ஒரு பக்கம் முழுசா ஒரே ஃபில்லெட்டா வாங்குங்க. ஆளுக்கு 150லேர்ந்து 180 கிராம், அப்போ 1.3 கிலோ சுமாரா வரும், நல்லா சாப்பிடறவங்கன்னா ஒன்றரை கிலோ. துண்டு துண்டா வாங்கினா ஒண்ணு தடிமனா இருக்கும் ஒண்ணு மெலிசா இருக்கும், எட்டும் எட்டு நேரத்துல வெந்து நிக்கும். முழுசா வச்சா நடுப்பக்கம் மெத்துனு இருக்கும், வால் பக்கம் கொஞ்சம் அதிகமா வெந்திருக்கும், எப்பவும் கூட்டத்துல "எனக்கு நல்லா வெந்தது வேணும்"னு ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு வால் பக்கத்த கொடுத்துடலாம். தோலோடவே வாங்குங்க, கீழ இருந்து வர்ற சூட்ட தோல் தாங்கிக்கும். செதில் மட்டும் கடையிலேயே எடுக்க சொல்லிடுங்க.

காலையிலயே முள் பார்த்துடுங்க. ஃபில்லெட்னு சொன்னாலும் நடுவுல ஒரு வரிசை மெல்லிசு முள் இருக்கும், விரல தலைப்பக்கத்துலேர்ந்து வால் பக்கம் வரைக்கும் மெதுவா தடவினா குத்தும். ட்வீசரால பிடிச்சு அது சாஞ்சிருக்கற திசையிலயே, அதாவது தலைப்பக்கமா, இழுங்க, நேர மேல தூக்கினா சதை கிழியும். அப்புறம் மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு உங்க வேலைய பாருங்க.

ஏழரை மணிக்கு ஆளுங்க வர்றாங்க, எட்டேகாலுக்கு சாப்பாடுன்னு வச்சுப்போம். ஏழு மணிக்கு மீன வெளிய எடுத்து கிச்சன் டவல்ல நல்லா ஒத்தி எடுங்க, ஈரம் இருந்தா அவிஞ்ச மாதிரி ஆயிடும். ட்ரேல பட்டர் பேப்பர் போட்டு தோல் கீழ இருக்கற மாதிரி வைங்க. மேல ரெண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில், ரெண்டு டீஸ்பூன் உப்பு (டீஸ்பூன், சாப்பாட்டு ஸ்பூன் இல்ல), மிளகு, அவ்ளோதான். வால் முனை ரொம்ப மெலிசா இருந்தா அத அடியில மடிச்சு விடுங்க, தடிமன் சமமாயிடும். ஓவன 135ல சூடு பண்ணி வச்சுட்டு ஏழே முக்காலுக்கு உள்ள தள்ளுங்க. ஃபேன் ஓவன்னா 120 போதும்.

நேரம் 25லேர்ந்து 35 நிமிஷம் ஆகும், தடிமன பொறுத்து. கடிகாரத்த நம்பாதீங்க, 20 நிமிஷத்துக்கு அப்புறம் பார்க்க ஆரம்பிங்க. குத்தி பார்க்கற தெர்மாமீட்டர் ஒண்ணு இருந்தா இருக்கறதுலயே தடிமனான இடத்துல பக்கவாட்டுல குத்துங்க, 50, 52 டிகிரி காட்டினா வெளிய எடுத்துடுங்க, வெளிய வந்தப்புறமும் உள்சூட்டுல ரெண்டு மூணு டிகிரி ஏறும். தெர்மாமீட்டர் இல்லன்னா ஒரு சின்ன கத்தி முனைய உள்ள விட்டு லேசா விரிச்சு பாருங்க, கண்ணாடி மாதிரி இருந்த சதை நிறம் மாறி மங்கலா ஆகியிருக்கணும், நடுவுல மட்டும் கொஞ்சம் ஈரப்பளபளப்பு இருக்கலாம், அடுக்கடுக்கா பிரிய ஆரம்பிச்சிருக்கணும். அழுத்தாமலே பொலபொலன்னு உதிர்ந்துச்சுன்னா தாண்டிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு முக்கியமான விஷயம், மெதுவா வெந்த மீன் மேல பொன்னிறமா ஆகாது. பச்சையா இருக்கோன்னு வெளிய பார்த்து சந்தேகப்பட்டு மறுபடி உள்ள வைக்காதீங்க. நிறத்துக்கு மேல எலுமிச்சை வில்லை, பொடியா நறுக்கின வெங்காயத்தாள், டில் இலை, கையில என்ன பச்சை இருக்கோ தூவிடுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது சுடச்சுட தான் சாப்பிடணும்னு இல்ல. வெதுவெதுப்பா இருந்தாலும் ஆறிப்போய் இருந்தாலும் நல்லா இருக்கும். ஆளுங்க லேட்டா வந்தா அப்படியே மேசை மேல இருக்கட்டும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிச்சா போதும். டின்னர் பார்ட்டிக்கு நான் கோழிய விட்டுட்டு இத சொல்றதுக்கு காரணமே இதுதான், கோழி ஆறினா யாரும் தொட மாட்டாங்க.

கேள்வி: என் ஓவன் சின்னது, முழு ஃபில்லெட் உள்ள போகாது. என்ன பண்றது?

பதில்: ரெண்டா வெட்டுங்க, தடிமனான பாதி தனி ட்ரே, வால் பாதி தனி ட்ரே. தடிமனானத முதல்ல வைங்க, வால் பாதிய பத்து நிமிஷம் கழிச்சு. ட்ரேயே ஒண்ணு தான் போகும்னா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வைங்க, அதான் ஆறினாலும் பரவாயில்லைன்னு சொன்னேன்ல. சின்ன ஓவன்ல மேல் கம்பி ரொம்ப பக்கத்துல இருக்கும், அதனால கீழ் தட்டுல வைங்க.

கேள்வி: வணக்கம் மேடம். நான் பண்ணும்போதெல்லாம் மீன் மேல வெள்ளையா கட்டி கட்டியா ஒண்ணு வழிஞ்சு நிக்குது. பார்க்கவே நல்லா இல்ல. கொழுப்பா அது? மீன் பழசா?

பதில்: ரெண்டும் இல்லங்க. அது ஆல்புமின்னு ஒரு புரதம். சூட்டுல தசை சுருங்கும்போது உள்ள இருக்கறது பிழிஞ்சு வெளிய வந்து உறைஞ்சு நிக்குது. சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா அது நிறைய வந்திருக்குன்னா சூடு அதிகம்னு மீனே உங்களுக்கு சொல்லுதுன்னு எடுத்துக்கோங்க. கம்மி சூட்டுல வச்சா பாதி பிரச்சனை போயிடும். இன்னும் குறையணும்னா ஒரு லிட்டர் தண்ணில நாலு டேபிள்ஸ்பூன் உப்பு கரைச்சு மீன அதுல பத்து நிமிஷம் போட்டு எடுங்க, உப்பு மேல்பக்க தசை நார கொஞ்சம் தளர்த்திடும், அவ்ளோ சுருங்காது. எடுத்து நல்லா துடைச்சிடுங்க, அப்புறம் மேல உப்பு போடும்போது கை அடக்கமா போடுங்க, இல்லன்னா உப்புக்கரிக்கும். அப்படியும் கொஞ்சம் வந்தா ஒரு டிஷ்யூவால துடைச்சுட்டு மேல சாஸ ஊத்துங்க, யாருக்கு தெரியப்போகுது.

கேள்வி: எலுமிச்சை சாறு, பூண்டு எல்லாம் போட்டு ராத்திரியே ஊறவச்சுட்டா காலையில வேலை மிச்சம்னு நினைக்கறேன். சரியா வருமா?

பதில்: வராது. புளிப்பு பட்ட மீன் அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடியே வெளிறி இறுகிடும், அப்புறம் ஓவன்ல போய் மாவு மாதிரி ஆகும். எலுமிச்சை கடைசியில, பரிமாறும்போது. பூண்டு வேணும்னா வெண்ணெய்ல உருக்கி வச்சுக்கோங்க, மேல ஊத்தலாம். ராத்திரியே வேலைய முடிக்கணும்னா சாஸ பண்ணி வைங்க: கெட்டித் தயிர், துளி பூண்டு, டில், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, அது ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல இருந்தா இன்னும் ருசியாகும்.

கேள்வி: தேன், கடுகு சாஸ் தடவி பண்ணேன், மேல கருகிடுச்சு உள்ள வேகவே இல்ல.

பதில்: தேன ஆரம்பத்துலயே தடவி அதிக சூட்டுல வச்சிருப்பீங்க. மீன முதல்ல வெறும் உப்பு எண்ணெயோட வேகவிடுங்க, கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கும்போது தடவுங்க. பளபளன்னு வேணும்னா கடைசி ஒண்ணு ரெண்டு நிமிஷம் மேல் கிரில்ல காட்டலாம், ஆனா ஓவன் முன்னாடியே நிக்கணும், ஃபோன் எடுக்கக்கூடாது.

கேள்வி: ஃப்ரோசன் சால்மன் தான் கிடைக்குது. வேக்குவம் பாக்கெட்ல இருக்கு. பாக்கெட்டோட தண்ணில போட்டு வைக்கலாமா?

பதில்: ஃப்ரோசன் ஒண்ணும் மட்டமில்ல, ஒழுங்கா உறைய வச்சது நாலு நாள் ஐஸ் மேல கிடந்த "ஃப்ரெஷ்" மீன விட நல்லாவே இருக்கும். முந்தின நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, பெரிய ஃபில்லெட்டுக்கு முழு ராத்திரியும் வேணும். ஆனா பாக்கெட்ட பிரிச்சுட்டு வைங்க, இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. காத்தே இல்லாத பாக்கெட்டுக்குள்ள வளரக்கூடிய ஒரு கிருமி இருக்கு, மீன்ல வர்ற வகை ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், விஷத்தன்மை உள்ளது, காத்து பட்டா அதுக்கு ஆகாது. அதனால ஒரு ஓரத்த கிழிச்சு விட்டு, கீழ ஒரு தட்டு வச்சுடுங்க, தண்ணி ஒழுகும்.

கேள்வி: அக்கா நீங்க போன தடவை 50 டிகிரின்னு எழுதியிருந்தீங்க. அமெரிக்க உணவுத்துறை 63 டிகிரின்னு சொல்லுது. எங்க வீட்டுக்கு வர்றவங்கள்ல என் தங்கச்சி ஆறு மாச கர்ப்பம். யார் பேச்ச கேக்கறது?

பதில்: தங்கச்சி விஷயத்துல அவங்க பேச்ச கேளுங்க, என் பேச்ச இல்ல. 63 டிகிரிங்கறது கிருமி சாகறதுக்கான கணக்கு. 50, 52ங்கறது ருசிக்கான கணக்கு, நிறைய சமையல்காரங்க அங்கதான் நிறுத்துவாங்க, நல்ல மீனா இருந்து உடம்பு நல்லா இருக்கறவங்களுக்கு அது அவங்க இஷ்டம். கர்ப்பிணிங்க, ரொம்ப வயசானவங்க, சின்னக் குழந்தைங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இருந்தா 63 வரைக்கும் போயிடணும். இதுக்காக எல்லார் மீனையும் காய விட வேண்டாம், வால் பக்கத்துலேர்ந்து ஒரு துண்ட முன்னாடியே வெட்டி தனியா வச்சு, மேல கொஞ்சம் வெண்ணெய் போட்டு பேப்பர்ல பொட்டலமா மடிச்சு நல்லா வேகவிடுங்க. பொட்டலத்துக்குள்ள அந்த ஆவியிலயே வேகறதால 63 போனாலும் அவ்ளோ வறண்டு போகாது. தங்கச்சிக்கு மீனே வேண்டாம்னு மட்டும் ஒதுக்கிடாதீங்க, பாதரசம் கம்மியா இருக்கற மீன்ல சால்மன் ஒண்ணு. அப்புறம் அழைக்கும்போதே எல்லாரையும் "மீன் அலர்ஜி இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கேள்வி: பண்ணை சால்மனுக்கு சாயம் ஊத்துறாங்களாமே?

பதில்: ஊத்தறதில்ல, தீனில கலக்கறாங்க. கடல்ல இருக்கற சால்மன், கிரில் (krill, இறால் மாதிரியே இருக்கற குட்டி உயிரி), இறால் மாதிரி சின்ன உயிருங்கள தின்னு அதுல இருக்கற அஸ்டாசாந்தின்ங்கற நிறமியால சிவக்குது, பண்ணையில அதே நிறமிய தீவனத்துல சேர்க்கறாங்க, சேர்க்கலன்னா சதை சாம்பல் கலந்த வெள்ளையா இருக்கும். நிறத்த வச்சு ஃப்ரெஷ்ஷான்னு சொல்ல முடியாது, மூக்க நம்புங்க. உங்களுக்கு சமையலுக்கு வேண்டிய வித்தியாசம் வேற: பண்ணை அட்லான்டிக் சால்மன்ல கொழுப்பு அதிகம், கொஞ்சம் தப்பு பண்ணாலும் மன்னிச்சுடும். நல்லா சிவந்து இருக்கற, பண்ணையில வளர்க்காம இயற்கையா பிடிக்கற சாக்ஐ (sockeye) சால்மன் வகை மெலிசு, கொழுப்பு கம்மி, சீக்கிரம் வெந்துடும், அதுக்கு 15 நிமிஷத்துலயே எட்டிப் பாருங்க. முதல் தடவை விருந்துக்கு பண்றவங்க பண்ணை மீனே வாங்கிக்கலாம்ங்கறது என் கருத்து.

கேள்வி: தோல மொறுமொறுன்னு ஆக்க முடியலையே?

பதில்: இந்த முறையில ஆகாது. அதுக்கு தவாவும் நல்ல சூடும் வேணும், எட்டு பேர வரவேற்பறையில உக்கார வச்சுட்டு அந்த வேலை எதுக்கு. கரண்டிய சதைக்கும் தோலுக்கும் நடுவுல விட்டு தூக்குங்க, தோல் பேப்பர்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். ஃபாயில் மேல நேர வச்சாலும் இப்படி ஒட்டும், ஆனா புளிப்பு சாஸ் ஏதாவது ஊத்தினா ஃபாயில் வாசனை ஏறும், அதனால பேப்பரே மேல்.

கேள்வி: மிச்சமான மீன மைக்ரோவேவ்ல சூடு பண்ணா வீடு முழுக்க கவுச்சி அடிக்குது அக்கா. எப்படி சூடு பண்றது?

பதில்: சூடே பண்ணாதீங்க தம்பி. அப்படியே குளிர்ச்சியா உதிர்த்து, மிச்ச தயிர் சாஸ், வெங்காயம், வெள்ளரிக்காய் சேர்த்து பிரெட் நடுவுல வச்சு சாப்பிடுங்க, இல்லன்னா வேகவச்ச உருளைக்கிழங்கோட சாலட் மாதிரி பிசறிக்கோங்க. தோலுக்கு அடியில பழுப்பு கலர்ல ஒரு பட்டை இருக்கும் பாருங்க, கவுச்சி அதுலதான் ஜாஸ்தி, அத மட்டும் வழிச்சு போட்டுடுங்க. டின்னர் முடிஞ்ச உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா மூணு நாள் வரைக்கும் தாங்கும்.